குணமாகும் என்று அச்சடித்த அட்டை

அவிநாசி
12.9.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி பூபாலன் எழுதிக்கறதுங்க.

இங்க ஊட்டுல நானு, அக்ஷரா, அவங்கம்மா எல்லாரும் சௌக்கியம். நீங்களும் மச்சானும் எப்படி இருக்கறீங்க? கோத்தகிரியில குளிர் ஆரம்பிச்சிருச்சா? உங்க தோல் இப்ப எப்படி இருக்குதுங்க?

போன் பண்ணுனா மச்சான்தான் எடுக்கறாரு. நீங்க வாங்கி, "சரி சாமி, வெச்சறட்டா"ன்னு முடிச்சர்றீங்க. அதுதான் லெட்டரே எழுதலாம்னு உக்காந்துட்டேன்.

அமெரிக்காவுல வரி ஏத்துனதுல நம்ம டி-சர்ட் ஆர்டர் பாதி நின்னு போச்சுங்க. இருபத்தாறு டெய்லர் இருக்கறாங்க. அவங்களை வெறுமனே உக்கார வெக்க மனசில்லாம, பட்டுல பெட்ஷீட்டும் தலகாணி உறையும் தெக்க இறங்கிட்டேன். துணி கர்நாடகாவுல இருந்து வருது. பனியன் துணி தெச்சுப் பழகுன கைக்குப் பட்டு வழுக்குது. பாண்டியம்மாள்னு ஒருத்தங்க, சொந்த ஊரு கோவில்பட்டிப் பக்கம், இங்க திருப்பூர் மண்ணரையில மகளோட குடியிருக்காங்க. அவங்க ஒருத்தங்க கைக்குத்தான் சுருக்கம் விழாம வருது.

மொதல் செட்டு உங்களுக்குத்தான். பார்சல் போட்டிருக்கறேன். பட்டு தோலை ஒரசாது, வேர்வையில ஒட்டாது, குளுருக்கும் இதமா இருக்கும்னு சொல்றாங்க. உங்களுக்கு இருக்கற சொரியாசிஸுக்கு இதுல படுத்தா எப்படி இருக்குதுன்னு பார்த்து எழுதுங்க. உங்க கட்டில் ஆறடிக்கு ஆறரை அடின்னு ஞாபகத்துல தெச்சது. அளவு சரியான்னும் சொல்லோணும்.

மச்சானைக் கேட்டதாச் சொல்லுங்க.

உங்கள் தம்பி,
பூபாலன்


கோத்தகிரி
29.9.2025

தம்பி பூபாலனுக்கு அக்கா நல்லம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். உன் மச்சானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் கடைவீதி வரை நடந்து வருகிறார். இங்கே நாளெல்லாம் மூடுபனிதான். துவைத்தது காய மூன்று நாள் ஆகிறது.

பார்சல் நல்லபடியாக வந்து சேர்ந்தது. பிரித்ததும் முருங்கைப் பூ நிறத்தில் கையில் வழிந்தது. கல்யாணப் பட்டைக்கூட வருஷத்துக்கு ஒரு முறைதான் வெளியே எடுக்கிறோம். மருந்தும் எண்ணெயும் பூசின உடம்போடு இதில் போய்ப் படுப்பார்களா? பீரோவில் வைத்துவிட்டேன். அக்ஷராவுக்குக் கல்யாணம் என்று வந்தால் சீரோடு கொடுக்கலாம்.

வியாபாரத்தை நினைத்து ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே கண்ணு. டெய்லர்களை அனுப்பாமல் வைத்திருப்பது கேட்டுச் சந்தோஷம். என்னைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றும் இல்லை.

அக்ஷராவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

இப்படிக்கு,
நல்லம்மாள்


அவிநாசி
6.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க லெட்டர் கெடச்சுது. நீங்க ரெண்டு பேரும் சுகம்ங்கறதுல சந்தோஷமுங்க. இங்க எனக்குத்தான் ரெண்டு நாளாச் சளி, வேற ஒண்ணுமில்ல.

பீரோவுல வெக்கறதுக்கா நான் தெச்சனுப்புனேன்? பருத்தி நீங்க பூசற மருந்தையெல்லாம் உறிஞ்சிக்கும், பட்டு அவ்வளவு உறிஞ்சாதுங்க. அழுக்கானா ஷாம்பு போட்டு அலசி நெழல்ல காயப் போடுங்க, போதும். பாழாப் போனா இன்னொண்ணு அனுப்பறேன். தெக்கறது நாந்தானே! அக்ஷரா கல்யாணத்துக்கு வேற பார்த்துக்கலாம். அவ இப்பத்தான் காலேஜ் ரெண்டாம் வருஷம்.

கட்டில் அளவைப் பத்தி நீங்க எழுதவே இல்லீங்களே.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பூபாலன்


கோத்தகிரி
10.11.2025

தம்பி பூபாலனுக்கு அக்கா ஆசீர்வாதம்.

சளி விட்டதா? தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய முறுக்கு வந்தது. உன் மச்சான் பத்தியத்தை மறந்துவிட்டுத் தின்றார்.

உன் பிடிவாதத்துக்காக எடுத்துப் போட்டேன். மூன்று வாரம் ஆகிறது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இத்தனை வருஷமும் நான் புரண்டு படுத்தால் விரிப்பு முழங்கையில் பிடித்து இழுக்கும். எழுந்து பார்த்தால் அங்கங்கே ரத்தப் பொட்டு இருக்கும். இதில் இழுப்பு இல்லை. உடம்பு தானாக நழுவித் திரும்புகிறது. செதிலும் துணியில் ஏறுவதில்லை. காலையில் வாசலில் ஒரு உதறு உதறினால் போதும். குளிரில் சில்லென்று இருக்குமோ என்று பயந்தேன். படுத்த ஐந்து நிமிஷத்தில் நம் சூட்டை வாங்கிக்கொள்கிறது. நான்காக மடித்துப் போட்டால் இன்னும் மெத்தென்று இருக்கிறது.

பால்காரர் மணி அடிக்கும் வரை தூங்குகிறேன், பூபாலா. எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று கணக்கு வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜானகியம்மாள், "என்ன, முகம் தெளிந்திருக்கிறது?" என்று கேட்டாள்.

அந்தப் பாண்டியம்மாளிடம் அவள் கை நன்றாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
நல்லம்மாள்


அவிநாசி
17.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகமுங்க. நீங்க சுகம்னு நான் கேக்கவே வேண்டியதில்ல, லெட்டர்லயே தெரியுது! அதை அக்ஷராகிட்டச் சத்தமாப் படிச்சுக் காட்டுனேன். பாண்டியம்மாகிட்ட நீங்க சொன்னதையும் சொன்னேன். அந்தம்மா சிரிச்சாங்க. நூல் ஓடிப்போன பெட்ஷீட் ஒண்ணு விக்க ஆகாம கெடந்தது, அதை எடுத்துக்கங்கன்னு அவங்களுக்கே குடுத்துட்டேன்.

நல்ல சேதி ஒண்ணு. கொச்சியில ஒரு கம்பெனிக்காரரு நம்ம பெட்ஷீட்டைப் பார்த்துட்டு, உடம்புக்கு என்ன நல்லதுன்னு எழுதி ஒவ்வொரு பாக்கெட்டுலயும் ஒரு அட்டை வெக்கச் சொன்னாரு. அக்ஷராதான் எழுதுனா. "பதினெட்டு வருட சொரியாசிஸ். மாத்திரை இல்லை, களிம்பு இல்லை. மூன்றே வாரத்தில் பட்டு குணமாக்கியது! – நல்லம்மாள், கோத்தகிரி." எப்படி இருக்குது? மூவாயிரம் அட்டை அடிச்சாச்சு. உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க, அடுத்த தடவைக்குப் போட்டுக்கலாம்.

உங்க பேராலதான் கம்பெனி நிமிரப் போகுதுங்க.

மகிழ்ச்சியுடன்,
பூபாலன்


அவிநாசி
9.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூணு வாரமாச்சு, உங்ககிட்ட இருந்து ஒரு வரி இல்ல. மழையில தபால் நின்னு போச்சுங்களா? உடம்புக்கு ஏதாச்சுங்களா? போன் பண்ணுனா மச்சான், "உள்ள வேலையா இருக்கா"ங்கறாரு.

போட்டோ எங்கயும் தேட வேண்டாம். இருக்கறதை அனுப்புனாப் போதும். சொந்தக்காரங்க எல்லாருக்கும் அட்டையைத் தபால்ல போட்டேன். மச்சான் பேருக்கும் ஒண்ணு வந்திருக்குமே?

ஒரு வார்த்தை எழுதுங்க அக்கா.

பூபாலன்


கோத்தகிரி
20.12.2025

பூபாலனுக்கு அக்கா எழுதுவது.

உடம்புக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

அட்டை வந்தது. எனக்கு எதுவும் குணமாகவில்லை. மார்கழிக் குளிரில் முழங்கால் இரண்டும் முன்னைவிட மோசம். டாக்டர் கொடுத்த களிம்பை ஒரு நாளும் நான் விடவில்லை. விட்டேன் என்று உனக்கு எழுதினேனா? தூங்கினேன் என்றுதான் எழுதினேன். தூங்குவது ஒன்று, குணமாவது வேறொன்று. பட்டு எனக்குத் தூக்கம் கொடுத்தது. அதுவே எனக்குப் பெரிய விஷயம். நீ அதை எடுத்து வேறு என்னவோ ஆக்கிவிட்டாய்.

கட்டில் அளவு சரியா என்று இரண்டு தடவை கேட்டாய். எனக்குத் தெரியாது. பதினோரு வருஷமாக அந்தக் கட்டிலில் நான் படுத்ததில்லை. சாமான் அறையில் பாய் போட்டுப் படுக்கிறேன். உன் மச்சான் போ என்று சொன்னதில்லை. தினமும் காலையில் என் பக்கத்து விரிப்பில் உதிர்ந்த செதிலைச் சின்னத் துடைப்பத்தால் தட்டுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் நானாகத்தான் பாயை எடுத்துக்கொண்டு போனேன். போகாதே என்றும் அவர் சொல்லவில்லை. இதை அவர் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் எப்படிச் சொல்வேன்?

அட்டையைத் தபால்காரர் அவர் கையில்தான் கொடுத்தார். படித்துவிட்டு அடுக்களைக்கு வந்தார். "நல்லம்மா, குணமாயிருச்சாமே! எனக்குச் சொல்லவே இல்லையே நீ?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நேரே போய்க் கட்டிலில் என் பக்கம் அடுக்கி வைத்திருந்த பழைய பேப்பர்களையெல்லாம் எடுத்துக் கீழே வைத்தார். நான் என்ன செய்ய? ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினேன். பார்த்தார். பேப்பர்களைத் திரும்ப எடுத்துக் கட்டிலிலேயே அடுக்கினார்.

போட்டோ இல்லை. அட்டையில் என் பேரை எடுத்துவிடு.

நல்லம்மாள்


அவிநாசி
2.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷத்துல நீங்க நல்லா இருக்கோணும்.

லெட்டரை யாருகிட்டயும் காட்டலீங்க. நீங்க பட்டதெல்லாம் எனக்குத் தெரியாது. மச்சான்கிட்ட நான் பேசட்டுமா?

அட்டையைப் பொறுத்தவரைக்கும், பாதி சரக்கு கொச்சிக்குப் போயிருச்சுங்க. திரும்ப வாங்க முடியாது. இந்தக் காலத்துல சோப்புக்கும் எண்ணெய்க்கும் போடாததையா நாம போட்டுட்டோம்? படிக்கறவங்க எல்லாத்தையுமா நம்பிடுவாங்க? அடுத்து அடிக்கறப்ப உங்க பேரை எடுத்தர்றேன். மனசுல வெச்சுக்காதீங்க.

பூபாலன்


அவிநாசி
27.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்க பதில் போடல. போட மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் உங்களுக்குத்தான் எழுதோணும், வேற யாருகிட்டச் சொல்ல?

பொங்கல் லீவு முடிஞ்சு பாண்டியம்மாள் வேலைக்கு வரல. நாலு நாள் கழிச்சு அவங்க மக ஆஷா வந்து, அம்மா ஆஸ்பத்திரியிலன்னு சொல்லிச்சு. என்னன்னு கேட்டேன். அந்தம்மாளுக்கும் உங்க வியாதிதானுங்க. ஆறு வருஷமா எங்கிட்ட வேலை செய்யறாங்க, முழுக்கைச் சட்டை போட்டுட்டு. எனக்குத் தெரியாது. வாராவாரம் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாங்களாம். அட்டையைப் படிச்சுட்டு, நான் குடுத்த அந்த பெட்ஷீட்டுல படுத்துக்கிட்டு, கார்த்திகையோட மாத்திரையை நிறுத்திட்டாங்க.

போய்ப் பார்த்தேன். ஒடம்பு முச்சூடும் செவந்து, தோல் உரிஞ்சு, காய்ச்சல்ல நடுங்கிட்டுக் கெடந்தாங்க. ஆஷா பர்ஸுல இருந்து அந்த அட்டையை எடுத்து டாக்டர்கிட்டக் காட்டிச்சு. டாக்டர் படிச்சுட்டு, "இதை எவன் அடிச்சான்?"னாரு. பக்கத்துல நின்னுட்டிருந்தேன் அக்கா. வாயத் தொறக்கல.

பாண்டியம்மாதான் என்னையப் பார்த்து, "மொதலாளி, உங்க அக்காவுக்கே கொணமாயிட்டுன்னு போட்டிருந்துச்சு. சொந்த அக்கா பேரைப் போட்டுப் பொய் சொல்லுவாகளான்னு நெனச்சேன். எனக்குத்தான் ஒத்துக்கல போலுக்கு"ன்னாங்க.

தப்பு அவங்க ஒடம்பு மேலதானாம். நான் என்ன பண்றதுங்க?

பூபாலன்


கோத்தகிரி
31.1.2026

தம்பி பூபாலனுக்கு,

உன் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். பிறகு உன் மச்சானிடம் கொடுத்தேன். அவரும் படித்தார்.

நீ இந்தக் கடிதம் கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போ. "அட்டையில் இருந்தது பொய், என் அக்காவுக்குக் குணமாகவில்லை" என்று அவளிடம் உன் வாயால் சொல். தன் உடம்பையே குற்றம் சொல்லிக்கொண்டு அவள் படுத்திருக்கக் கூடாது. அந்த எண்ணம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது, டாக்டரைக் கேட்டுக்கொண்டு நல்ல பட்டு விரிப்பு இரண்டு கொண்டு போய்க் கொடு. வெந்த தோலுக்கு ஆஸ்பத்திரி விரிப்பு மணல் மாதிரி இருக்கும். விரிப்பு ஒரு தப்பும் செய்யவில்லை.

கொச்சிக்காரருக்கும் எழுது. சரக்கு போய்விட்டது என்று மறுபடியும் சொல்லாதே.

அக்ஷராவைத் திட்டாதே. நான் எழுதினதை நீ படித்துக் காட்டினாய். நீ கேட்க விரும்பியதை அவள் எழுதினாள்.

அக்கா


அவிநாசி
24.2.2026

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மச்சானும் சுகந்தானுங்களே? பாண்டியம்மாள் ஊட்டுக்கு வந்துட்டாங்க. அதைத்தான் மொதல்ல எழுதோணும்.

நீங்க சொன்னபடியே போனேன். கட்டில் பக்கத்துல நின்னு சொல்லிட்டேன். ஆஷா மொகத்தத் திருப்பிக்கிச்சு. "போங்க சார், வெளிய போங்க"ன்னுச்சு. நியாயந்தானுங்க. பாண்டியம்மா, "அப்ப அக்காவுக்கு இன்னும் அப்படியேதான் இருக்கா?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். "அடப் பாவமே"ன்னாங்க. என்னைய ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாத் தேவல.

டாக்டர் சரின்னதும் பட்டை விரிச்சோம். நானும் நர்ஸும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கிப் போட்டோம். ரெண்டு வாரமாச் சரியாக் கண்ணை மூடாத பொம்பள, காலையில பதினொண்ணரைக்குப் படுத்து மத்தியானம் மூணு மணி வரைக்கும் தூங்குனாங்க. ஆஷா அப்பத்தான் எனக்கு உக்காரச் சேர் எடுத்துப் போட்டுச்சு. இப்ப மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சாச்சு. வேலைக்கு வர இன்னும் ரெண்டு மாசம் ஆகும். சம்பளம் போயிட்டுத்தான் இருக்குது.

கொச்சிக்காரருகிட்டச் சொன்னேன். "குணமாகும்னு போடலைன்னா வெறும் பெட்ஷீட்டுக்கு எதுக்குங்க இந்த வெலை?"ன்னு கேட்டுட்டு ஆர்டரை நிறுத்திட்டாரு. சரக்கு திரும்பி வந்திருச்சு. ஒன்பது டெய்லரை வேற கம்பெனிக்குச் சொல்லி அனுப்பிட்டனுங்க. அதுதான் நெஞ்சுல நிக்குது.

அக்ஷரா ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் அவளே புதுசா ஒரு அட்டை எழுதுனா: "பட்டு எந்தத் தோல் நோயையும் குணமாக்காது. மருந்தை நிறுத்தாதீர்கள். இது உரசாது. நன்றாகத் தூங்கலாம்." அதை ஆஷாகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னோம். படிச்சுட்டு, "இது சரி"ன்னுச்சு. அதோட விக்க ஆரம்பிச்சிருக்கறோம். மெதுவாப் போகுது. தோல் டாக்டர் ஒருத்தரு பன்னெண்டு செட்டு வாங்கிட்டுப் போனாரு.

படிக்கறவங்க எல்லாத்தையுமா நம்பிடுவாங்கன்னு புது வருஷத்துல உங்களுக்கு நான் எழுதுன அந்த லெட்டரை, முடிஞ்சாக் கிழிச்சுப் போட்டுருங்க அக்கா.

பூபாலன்


கோத்தகிரி
15.3.2026

என் தம்பி பூபாலனுக்கு அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நலம். எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். பாண்டியம்மாளுக்குத் தனியாக ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். பிரிக்காமல் கொடு. எங்கள் இருவருக்கும் பேச நிறைய இருக்கிறது.

உன் மச்சானைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். பாண்டியம்மாளைப் பற்றி நீ எழுதியதை அவர் படித்தார் என்று சொன்னேன் அல்லவா? படித்த பிறகு ஒரு மாசத்துக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் திரும்பினால் பேப்பருக்குள் போய்விடுவார்.

போன ஞாயிறு காலை, நான் குளித்துவிட்டு வந்து சாமான் அறையில் மருந்து பூசிக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் நின்று, "அந்தப் பொம்பளைக்கு முதுகெல்லாம் உரிஞ்சு போச்சுன்னு எழுதியிருந்தானா?" என்றார். உடம்பு முழுக்க என்று எழுதியிருந்தான் என்றேன். "உனக்கு முதுகுல இருக்குதா?"

"இருக்கிறது."

"அங்கே யார் மருந்து போடறா?"

யாரும் இல்லை என்றேன். கை எட்டுகிற இடத்துக்கு மட்டும் போட்டுக்கொள்வேன் என்றேன். "பதினோரு வருஷமாவா?" என்று கேட்டார்.

உள்ளே வந்து டியூபை வாங்கினார். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று தெரியாமல் உள்ளங்கை நிறையப் பிதுக்கிவிட்டார். என் முதுகுப் பக்கம் உட்கார்ந்தார். முதலில் விரல் நுனி மட்டும் பட்டது. பிறகு உள்ளங்கை முழுக்கப் பட்டது. "எரியுதா?" என்றார். இல்லை என்றேன். "நான் அன்னைக்கு அந்தத் துடைப்பத்தை..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

முடிந்ததும் கையைக் கழுவ எழுந்து போவார் என்று காத்திருந்தேன். போகவில்லை. மருந்து மினுமினுக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு, அவிநாசித் தேர் எந்த மாசம், பூபாலன் வீட்டில் நாம் இரண்டு பேரும் போய் நாலு நாள் தங்கினால் இடைஞ்சலாக இருக்குமா என்று கேட்டார்.

சித்திரையில் வருகிறோம்.

இப்படிக்கு,
நல்லம்மாள்